தோட்டப் பாடசாலை மைதானத்தில் முதன்முறையாக நடுவராக நிற்கப்போகிறவருக்கு

முதலாம் தவணை தொடங்கிய சில வாரங்களில் மலையகப் பாடசாலைகளில், மாணவர்களை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான ஆயத்தம் சூடுபிடித்துவிடும். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பசறை என்று எந்தப் பக்கம் போனாலும் அணிநடைப் பயிற்சியின் மேளச் சத்தம் தேயிலை மலையில் பட்டுத் திரும்பும். அந்த நாட்களில்தான் புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியருக்கோ ஊரில் இருக்கும் பழைய மாணவருக்கோ அதிபரிடமிருந்து கடிதம் வரும். பெயருக்கு நேரே 'நேரக்கணிப்பாளர்' என்றோ 'மைதான நிகழ்ச்சி நடுவர்' என்றோ ஒரு சொல் இருக்கும். அந்தச் சொல்லுக்குள் என்ன வேலை இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

நான் முதலில் நின்றது நீளம் பாய்தல் குழியருகே. கையில் அளவு நாடா. ஒரு பையன் நன்றாகப் பாய்ந்தான். விழுந்த வேகத்தில் பின்னால் சாய்ந்து, இடது கையை மணலில் ஊன்றி எழுந்தான். நான் குதிகால் பதிந்த இடத்தில் நாடாவின் முனையை வைத்தேன். மிதித்துப் பாயும் பலகைப் பக்கம் நின்றவர் 4.31 என்று வாசித்தார். அவனுடைய இல்லத்தார் துள்ளிக் குதித்தார்கள். எதிரே நின்ற வயதான ஆசிரியர் ஒருவர் வந்து குனிந்து, கைத்தடத்தைக் காட்டினார். "தம்பி, பலகைக்குக் கிட்டத்தில் இருக்கும் தடம் எதுவென்று பாருங்கள்" என்றார். மறுபடி அளந்தோம். 3.94. பையன் ஒன்றும் பேசவில்லை. கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றான். நான் முதலிலேயே சரியாக அளந்திருந்தால் அவன் 3.94 பாய்ந்த பிள்ளையாக வீட்டுக்குப் போயிருப்பான். என் கையால் 37 சென்டிமீட்டரைப் பறிகொடுத்த பிள்ளையாகப் போனான்.

இல்லப் போட்டியில் எழுதப்படும் எண்ணை வைத்துத்தான் கல்வி வலயப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்கிறார்கள். அங்கிருந்து மாகாணம், பிறகு அகில இலங்கை. பல்கலைக்கழகத்துக்கு விளையாட்டுத் திறமையின் பேரில் தனி அனுமதி உண்டு. அந்த வழியின் முதல் படி லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பக்கத்து மைதானத்தில் நாம் சுண்ணாம்பில் போடும் கோடுதான். ஆகவே ஒவ்வொரு நடுவருக்கும் பார்ப்பதற்கென்று ஒன்று இருக்கிறது என்பதையும், அதை விட்டு வேறெதையும் பார்க்கக் கூடாது என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

முதல் படி: கடிதம் வந்த அன்றே

உடற்கல்வி ஆசிரியரைத் தேடிப்போய் மூன்று கேள்விகள் கேளுங்கள். நான் எங்கே நிற்க வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும்? சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? மூன்றாவது கேள்விக்கான பதில் பிரதம நடுவராக இருக்க வேண்டும். கீழே நிற்கும் நடுவர் தான் கண்டதைச் சொல்கிறார். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது பிரதம நடுவரின் பொறுப்பு. இந்தப் பிரிவு தெளிவாக இல்லாத மைதானத்தில் ஒலிபெருக்கி வைத்திருப்பவரே தீர்ப்புச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

உங்கள் பிள்ளையோ தம்பி தங்கையோ ஓடும் நிகழ்ச்சி இருந்தால் அதையும் அன்றே சொல்லிவிடுங்கள். தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் சொந்தம். குழியருகே நிற்கும்போது "சித்தப்பா, அது பிழை இல்லைதானே?" என்று ஒரு குரல் வரும். அந்த நிகழ்ச்சிக்கு மட்டும் வேறொருவரோடு இடம் மாறிக்கொள்வது உங்களுக்கும் அந்தப் பிள்ளைக்கும் நல்லது.

இரண்டாம் படி: கோடு போடும் நாள்

இந்த வேலைக்குக் கூப்பிடாவிட்டாலும் போய் நில்லுங்கள். மைதானத்தை அறிந்த நடுவருக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

ஓடுபாதை ஓடும் திசையில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் சரியக் கூடாது என்பது விதி. அதாவது 100 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். மலையை வெட்டி நிரவிய நம் மைதானங்களில் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மேசன்மார் சுவர் கட்டும்போது பிடிக்கும், தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயை இரவல் வாங்குங்கள். இரண்டு தடிகளில் இரு முனைகளையும் கட்டி, பத்துப் பத்து மீட்டராக நகர்த்திக்கொண்டே போனால் மொத்தச் சரிவு தெரிந்துவிடும். இரண்டு திசையில் ஓடவிட வாய்ப்பிருந்தால் ஏறும் திசையைத் தெரிவு செய்யுங்கள். நேரம் சற்றுக் கூடும். ஆனால் வலயத்துக்குப் போகும் பிள்ளை அங்கே ஏமாறாது.

அடுத்தது முன்தள்ளல். புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு முழுச் சுற்றை அவரவர் சுவட்டிலேயே (ஓடுபாதையில் ஒவ்வொருவருக்கும் பிரித்துவிட்ட பட்டையிலேயே) ஓடும்போது வெளிச் சுவட்டில் ஓடுபவர் முன்னால் நிற்க வேண்டும். எவ்வளவு முன்னால்? நமக்கு 400 மீட்டர் சுற்று கிடைப்பது அரிது, 200 மீட்டர் கிடைத்தாலே பெரிய காரியம். அதனால் பெரிய மைதானத்துக் கணக்கைப் பாதியாக்கிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. முன்தள்ளலுக்கும் மைதானத்தின் அளவுக்கும் தொடர்பே இல்லை. இரண்டு அரைவட்ட வளைவுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். சுவட்டின் அகலம் 1.22 மீட்டர் என்றால் ஒவ்வொரு சுவட்டுக்கும் வட்டத்தின் ஆரை 1.22 மீட்டர் கூடுகிறது. சுற்றளவு 2 × 3.1416 × 1.22, அதாவது 7.67 மீட்டர் கூடுகிறது. சுற்று 200 மீட்டரானாலும் 400 மீட்டரானாலும் இதே 7.67 தான். இடம் போதாமல் சுவட்டை 1 மீட்டராகக் குறைத்திருந்தால் 6.28. ஒரு வளைவு மட்டும் ஓடினால் இவற்றில் பாதி. பெரிய விளையாட்டரங்குகளில் இரண்டாம் சுவட்டுக்கு மட்டும் 7.04 என்று இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். அங்கே உள்விளிம்பில் உயர்ந்த கட்டு இருக்கும். முதல் சுவட்டை அந்தக் கட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், மற்றச் சுவடுகளைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பதால் வரும் வித்தியாசம் அது. நம்மிடம் இருப்பது சுண்ணாம்புக் கோடு மட்டும். எல்லாச் சுவட்டுக்கும் 20 சென்டிமீட்டர்.

சுவட்டின் வலப்பக்கக் கோடு அந்தச் சுவட்டைச் சேர்ந்தது. இடப்பக்கக் கோடு பக்கத்துச் சுவட்டுக்குரியது. வளைவில் நிற்கும் நடுவர் பார்க்க வேண்டியது இடப்பக்கக் கோட்டைத்தான்.

மூன்றாம் படி: போட்டி நாள் காலை

ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். விசில், பேனா இரண்டு, பென்சில் ஒன்று, மழைக்கு ஒரு பொலித்தீன் பை. பென்சிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நனைந்த தாளில் பேனா எழுதாது.

பிள்ளைகளை அழைத்து வரிசைப்படுத்தும் பொறுப்பு உங்களுடையதானால், இலக்கத்தையும் வயதுப் பிரிவையும் சரிபாருங்கள். சப்பாத்து இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பாதீர்கள். சர்வதேச விதியே வெறுங்காலுடன் ஓடலாம் என்கிறது; ஒரு காலில் மட்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டும் ஓடலாம். சப்பாத்து இல்லாததால் வரிசையிலிருந்து விலக்கப்பட்டு, கூடாரத்தின் பின்னால் நின்று அழுத பிள்ளையை நான் கண்டிருக்கிறேன். விதி அறியாத ஒருவரின் கண்டிப்பால் நடந்தது அது.

தொடக்குநர்

மைதானத்தில் மிகவும் கடினமான வேலை இது. புதியவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. கொடுத்தால் ஒரு நாள் முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பார்வைக்குள் அடங்கும் இடத்தில் நில்லுங்கள். 400 மீட்டர் வரையான ஓட்டங்களுக்கு 'ஒன் யுவர் மார்க்ஸ்', 'செட்', பிறகு சத்தம். அதற்கு மேற்பட்ட தூரங்களுக்கு 'செட்' இல்லை. 'செட்' சொன்னதும் அவசரப்படாதீர்கள். கடைசிச் சுவட்டில் நிற்கும் பிள்ளையின் விரல்கூட அசையாமல் நின்ற பிறகுதான் துப்பாக்கி. யாராவது தள்ளாடினால் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி மறுபடி தொடங்குங்கள்.

பெரியவர்களின் போட்டிகளில் 2010 முதல் ஒரு முறை முந்திப் புறப்பட்டாலே வெளியேற்றம். சிறுவர் பிரிவுகளுக்கு ஒரு முறை எச்சரிப்பதா என்பதை ஏற்பாட்டுக் குழு முன்கூட்டியே தீர்மானித்து, எல்லா இல்லங்களுக்கும் சொல்லிவிட வேண்டும். கோட்டில் நின்றுகொண்டு தீர்மானிக்கக் கூடாது.

நேரக்கணிப்பாளர்

இங்கே ஒரே ஒரு விடயம் மனதில் பதிந்தால் போதும். கடிகாரத்தைச் சத்தம் கேட்டு அழுத்தக் கூடாது. புகையைக் கண்டு அழுத்த வேண்டும். ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 0.3 செக்கன் எடுக்கிறது. சத்தத்துக்காகக் காத்திருந்தால் 14.0 செக்கனில் ஓடிய பிள்ளை 13.7 இல் ஓடியதாகப் பதிவாகும். வலயத்தில் சரியாக அழுத்தும் ஒருவர் கையில் அதே பிள்ளை 14.0 ஓடும். "இல்லப் போட்டியில் நன்றாக ஓடினாயே, இங்கே என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

துப்பாக்கி இல்லாத பாடசாலைகளில் இரண்டு பலகைகளை அடித்துத் தொடக்குவார்கள். அப்போது பலகைகள் சந்திக்கும் கணத்தைப் பாருங்கள். தொடக்குநருக்குப் பின்னால் ஒரு கரும்பலகையை நிறுத்தினால் புகை தெளிவாகத் தெரியும். நமக்கேயான ஒரு பிரச்சினை பனிமூட்டம். நுவரெலியா, அப்புத்தளைப் பக்கங்களில் மதியத்துக்குப் பின் மூட்டம் இறங்கினால் 100 மீட்டருக்கு அப்பால் தொடக்குநரே தெரியமாட்டார். தொடக்குநரின் கை தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்று சிவப்புக் கொடியை உயர்த்துங்கள். பிரதம விருந்தினர் காத்திருந்தாலும் பரவாயில்லை. மூட்டம் விலகட்டும்.

முடிவிடத்தில், கோட்டுக்கு நேராக, ஓடுபாதையிலிருந்து ஐந்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பிள்ளையின் உடற்பகுதி கோட்டைத் தொடும்போது அழுத்த வேண்டும். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில்லை. முதலிடத்துக்கு மூன்று கடிகாரங்கள் இருக்கட்டும். இரண்டு ஒத்துப்போனால் அதுவே நேரம். மூன்றும் வேறுபட்டால் நடுவிலுள்ளது. இரண்டு கடிகாரம்தான் இருந்து அவை வேறுபட்டால் கூடிய நேரம். கைக்கடிகார நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனுக்கு எப்போதும் மேல்நோக்கியே எழுத வேண்டும். 13.61 என்றாலும் 13.7, 13.68 என்றாலும் 13.7. பக்கத்தவரின் கடிகாரத்தை எட்டிப் பார்த்துவிட்டு உங்கள் எண்ணைத் திருத்தாதீர்கள். நீங்கள் கண்டதை எழுதிக் கொடுங்கள். ஒப்பிடுவது பிரதம நேரக்கணிப்பாளரின் வேலை.

முடிவிட நடுவர்கள் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முதலாம் இடம் ஒருவருக்கு, இரண்டாம் இடம் ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இடத்தைப் பார்ப்பவர் வெற்றிபெற்ற பிள்ளையை ரசிக்கத் தொடங்கினால் தன் பிள்ளையைத் தவறவிட்டுவிடுவார்.

அஞ்சல் ஓட்டத்தில் கோல் கைமாறும் மாற்று வலயத்தில் நிற்பவர் பார்க்க வேண்டியது கோலை. கால் வெளியே இருந்தாலும் கோல் உள்ளே கைமாறினால் சரி. 4 × 100 இல் அந்த வலயம் 30 மீட்டர். கோல் விழுந்தால், விழவிட்டவரே எடுக்க வேண்டும்.

குழியருகே

நீளம் பாய்தலுக்குக் குறைந்தது மூவர் வேண்டும்: பலகையைப் பார்ப்பவர், மணலில் தடத்தைப் பார்ப்பவர், எழுதுபவர். பலகைக்காரர் ஓடிவரும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடாது. பலகையின் மணற்பக்க விளிம்புக்கு நேராகக் குனிந்து, அந்த விளிம்பில் மட்டும் கண்ணை வையுங்கள். பாதம் தரையை விட்டு எழுவதற்கு முன் அந்த விளிம்பின் நேர்செங்குத்தைத் தாண்டினால் சிவப்புக் கொடி, இல்லையென்றால் வெள்ளை. விளிம்பை ஒட்டி ஈர மணலை மெல்லப் பரப்பி மட்டப்படுத்தினால் மிதித்த தடம் தெரியும். வாக்குவாதம் எழுந்தால் அந்தத் தடம் பேசும்.

இதைச் சொல்லும்போது எனக்குக் கண்டியில் பிறந்த முத்தையா முரளிதரன் நினைவுக்கு வருகிறார். 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அவருடைய பந்துவீச்சை எறிதல் என்று கூறி ஏழு முறை 'நோ போல்' கொடுத்தார். பின்னர் ஆய்வுகூடங்களில் அவருடைய கை அளக்கப்பட்டது. மற்றப் பந்துவீச்சாளர்களின் கைகளையும் அளந்து பார்த்தபோது, வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவில் பலருடைய முழங்கையும் நீள்வது தெரியவந்தது. இறுதியில் சர்வதேச கிரிக்கெட் சபை 15 பாகை வரை அனுமதித்தது. நடுவரின் கண்ணுக்கும் எல்லை உண்டு. அளக்கக்கூடியதை அளந்தே தீர்மானியுங்கள்.

அளக்கும்போது நாடாவின் பூச்சிய முனை மணலில், பலகைக்கு மிகக் கிட்டிய தடத்தில். வாசிப்பது பலகையில். நாடா பலகையின் விளிம்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். தூரத்தைக் கீழ்நோக்கி எழுத வேண்டும்: 4.237 என்றால் 4.23. நேரத்தை மேல்நோக்கி, தூரத்தைக் கீழ்நோக்கி. பிள்ளை செய்யாததை எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இரண்டு விதியும். அளந்து முடித்து, எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் மணலைச் சமப்படுத்த வேண்டும்.

குண்டு போடுதலில் வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர். வட்டத்தின் முன்விளிம்பிலுள்ள தடைப்பலகையின் உட்பக்கத்தைக் காலால் தொடலாம், மேற்பக்கத்தைத் தொடக் கூடாது. குண்டு விழுந்த பிறகு வட்டத்தின் பின்பாதி வழியாக வெளியேற வேண்டும். உற்சாகத்தில் முன்னால் பாய்ந்து வெளியேறி நல்ல வீச்சை இழக்கும் பிள்ளைகள் அதிகம். போட்டி தொடங்குமுன் எல்லோருக்கும் பொதுவாக ஒருமுறை நினைவூட்டுங்கள். அதில் பாரபட்சம் எதுவும் இல்லை.

எறியும் நிகழ்ச்சிகளில் பாதுகாப்பே முதல் பொறுப்பு. வீசும் பகுதியின் இரு பக்கமும் கயிறு கட்டுங்கள். குண்டையோ ஈட்டியையோ திருப்பி எறியக் கூடாது; கையில் எடுத்து வர வேண்டும். நம் மைதானங்களில் குண்டு சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விடும், ஈட்டி கானுக்குள் (வடிகாலுக்குள்) விழும். எடுக்கப் போன பையன் தேயிலைக்குள் குனிந்திருப்பான். அவன் திரும்பி வந்து உங்கள் பக்கத்தில் நிற்கும் வரை அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள்.

உயரம் பாய்தலில் எழுதுபவரின் தாள்தான் எல்லாம். தாண்டினால் வட்டம், தவறினால் பெருக்கல் குறி, விட்டுவிட்டால் ஒரு கோடு. தொடர்ந்து மூன்று தவறானால் வெளியே. இருவரும் கடைசியாகத் தாண்டிய உயரம் ஒன்றானால், அந்த உயரத்தில் குறைவாகத் தவறியவர் முந்துவார். அதிலும் சமமென்றால் அதுவரையான மொத்தத் தவறுகளைப் பாருங்கள்.

ஆட்சேபனை வரும்போது

வரும். அரைப்பேரோடு (அரைநாள் சம்பளத்தோடு) கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, மகள் ஓடுவதைப் பார்க்க ஏற்றத்தில் மூச்சு வாங்க வந்த தாய், முடிவு பிழை என்று நினைத்தால் கேட்கத்தான் செய்வார். கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. "அம்மா, நான் கண்டதைப் பிரதம நடுவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இல்லப் பொறுப்பாசிரியர் மூலம் அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், கூட்டத்தோடு வாதாடவும் வேண்டாம். முடிவு அறிவிக்கப்பட்டு 30 நிமிடத்துக்குள் ஆட்சேபனை தெரிவிக்க வேண்டும் என்பது விதி. முதலில் வாய்மூலம், பிரதம நடுவரின் தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் எழுத்தில் மேன்முறையீட்டுக் குழுவுக்கு. பிழை உங்களுடையது என்று தெரிந்தால் உடனே போய்ச் சொல்லுங்கள். பரிசு கொடுத்த பிறகு சொல்வது இரண்டு பிள்ளைகளை நோகடிக்கும்.

காற்றளவி இல்லாத போட்டியில் 100, 200 மீட்டருக்கும் நீளம் பாய்தலுக்கும் 'புதிய சாதனை' என்று அறிவிக்க அறிவிப்பாளரை விடாதீர்கள். செக்கனுக்கு 2 மீட்டருக்கு மேல் பின்காற்று இருந்தால் சாதனையாக ஏற்கப்படாது. அப்புத்தளை போன்ற இடங்களில் அதைவிடப் பலமான காற்று சாதாரணம்.

கரப்பந்தாட்டத்துக்கு அழைத்தால்

1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட கரப்பந்தாட்டம் தோட்டங்களில் மாலைதோறும் நடக்கிறது. அங்கே கோட்டு நடுவராக நிற்கப் போனால் மெய்வல்லுநர் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். பந்து கோட்டைத் தொட்டால் உள்ளே. கொடி கீழே காட்டினால் உள்ளே, மேலே உயர்த்தினால் வெளியே. வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24, ஆட்டம் தொடங்குமுன் நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து பாருங்கள். பிரதான நடுவரானால் முதலில் விசில், பிறகு அடுத்துப் பந்து பரிமாறும் அணியின் பக்கம் கை, அதன் பிறகு என்ன தவறு என்ற சைகை. இந்த வரிசை மாறினால் இரு அணியும் குழம்பும்.

போட்டி முடிந்த பிறகு

ஒவ்வொரு முடிவுத்தாளிலும் திகதி, நிகழ்ச்சி, வயதுப் பிரிவு, உங்கள் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். கையளிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வலயத் தெரிவின்போது ஏதாவது ஒரு எண்ணைக் கேட்டு யாராவது வருவார்கள். இந்த வேலை பிடித்துப்போனால் வலயக் கல்வி அலுவலகத்தில் உடற்கல்விக்குப் பொறுப்பானவரைச் சந்தித்து, அடுத்த நடுவர் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். பெண் நடுவர்கள் நம் பக்கத்தில் மிகவும் தேவை. ஆசிரியைகள் கட்டாயம் போக வேண்டும்.

கடைசியாக அளவு நாடா. மணலோடும் ஈரத்தோடும் சுருட்டி அலுமாரியில் வைத்துவிடாதீர்கள். முழு நீளத்துக்கும் இழுத்து, காய்ந்த துணியால் துடைத்து, வெயிலில் சற்றுக் காயவிட்டுச் சுருட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் இரண்டு மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் இடையிலுள்ள எண்கள்தான் முதலில் அழிந்திருக்கும். நம் பிள்ளைகள் பாய்ந்து விழுவது அங்கேதான்.